உடலுக்கு உடல் வேறு: பேராசிரியர் ஹால்டேனின் வாழ்க்கை

திருகோணமலைத் துறைமுகத்தின் சிறப்பைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு பொருள்களையே எடுத்தியம்புவர். கோணேசர் மலையடியிற் கிடக்கும் ஆழ்கடல் ஒன்று. பெருங் கப்பற்படையும் புயலுக்கு அஞ்சாது தங்கத்தக்க உட்துறை மற்றொன்று. மூன்றாவதாகிய ஒன்றைப் பழைய தலைமுறையினரே நன்கு அறிவர். அது காய்ச்சல். துறைமுகத்தைச் சூழ்ந்த வறண்ட காடும் குளமும் மலேரியா நுளம்பின் உறைவிடமாய் இருந்தன. இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் ஆசியப் போர்முனைகளில் நின்ற வீரர்க்கு மெப்பக்கிரின் என்னும் மஞ்சட் குளிசை நாள்தோறும் கட்டாயமாக ஊட்டப்பட்டது. பெரும்பாலோர்க்கு அது தோலை மஞ்சளாக்கியதோடு நின்றது. மிகச் சிலர்க்கோ மனம் பேதலித்தது. குளிசையும் ஒன்று, அளவும் ஒன்று. விளைவு மட்டும் ஏன் வேறாயிற்று?

இவ்வினாவுக்கு விடை கூறும் கல்வித் துறை ஒன்று இன்று வளர்ந்து நிற்கிறது. நோயாளியின் பரம்பரையலகுகளைச் சோதித்து, அவருக்கு எம்மருந்து பொருந்தும், எது தீங்காய் முடியும் என முன்னரே அறியும் துறை அது. அதற்கு அடி கோலியவர்களுள் ஒருவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அவர் வைத்தியர் அல்லர். விஞ்ஞானத்திற் பட்டம் பெற்றவரும் அல்லர் என்பது வியப்பு. இங்கிலாந்திற் பிறந்து, இந்தியக் குடிமகனாக மடிந்தவர். திருகோணமலையோடு அவருக்குள்ள தொடர்பு கடலடி வழியாக வந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

1892 நவம்பர் 5ஆந் தேதி ஒக்ஸ்போர்ட்டில் ஹால்டேன் பிறந்தார். தந்தையார் ஜோன் ஸ்கொட் ஹால்டேன், சுவாசத்தைப் பற்றி ஆராய்ந்த பெரும் உடலியல் அறிஞர். நச்சு வாயு நிறைந்த சுரங்கங்களுக்குட் புகுந்து, தம் மூச்சையே அளவுகோலாகக் கொண்டு சோதித்தவர். மகனையும் உடன் அழைத்துச் சென்றார். ஒரு சுரங்கத்தில் வாயு தேங்கிய இடத்தில் சிறுவனை எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகப் பகுதியொன்றை ஒப்புவிக்கச் செய்தாராம். சில அடிகளிலேயே மூச்சு முட்டிச் சிறுவன் சாய்ந்தான். தரையிற் படுத்தபோது மூச்சுத் திரும்பிற்று. அவ்வாயு காற்றினும் இலேசானது, மேலேயே நிற்பது என்ற பாடத்தை அவன் பிறகு மறக்கவில்லை. 1906இல், பதின்மூன்று வயதிலே, கடற்படைக் கப்பலொன்றிலிருந்து சுழியோடியின் உடையணிந்து ஸ்கொத்லாந்துக் கடலில் இறங்கினான். உடை அவனுக்குப் பெரிது. நீர் உள்ளே கசிந்தது. எனினும் அஞ்சாது அடித்தளம் வரை சென்று மீண்டான். சுழியோடிகள் மேலெழும்போது படிப்படியாக நின்று வரவேண்டும் என்ற அட்டவணையைத் தந்தையார் 1908இல் வெளியிட்டார். உலகக் கடற்படைகள் யாவும் அதன் வழிவந்த அட்டவணைகளையே கைக்கொண்டன. 1956இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் கோணேசர் மலையடியிற் சுழியோடிப் பழைய ஆலயத்தின் தூண்களைக் கண்டனர் என்பது நம்மவர் நன்கறிந்த செய்தி. கடலடியில் மனிதன் உயிரோடு உலவும் கலையில் இக்குடும்பத்தாரின் பங்கு பெரிது.

ஒக்ஸ்போர்ட்டில் ஹால்டேன் கற்றவை கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களுமே. முதல் உலகப் போர் அவரைப் பிரான்சுக்கும் மெசொப்பொத்தேமியாவுக்கும் கொண்டு சென்றது. காயமுற்று, ஆறுதற்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அந்நாட்டை அவர் விரும்பினார். ஆளும் இனத்தவன் என்ற நிலையில் அங்கே வாழ்வதை விரும்பவில்லை. மீண்டும் வருவதாயின் சமமானவனாகவே வருவேன் என்று அக்காலத்திலேயே உறுதி கொண்டதாகச் சொல்வர்.

போர் முடிந்தபின் ஆராய்ச்சி தொடங்கிற்று. குருதியில் அமிலம் மிகுந்தால் உடல் என்ன செய்யும் என்றறிய விரும்பினார். நேரே அமிலத்தைக் குடித்தால் தொண்டை வெந்துவிடும். ஆகவே நவச்சாரத்தை நீரிற் கரைத்துக் குடித்தார். அது உடலினுள்ளே சிதைந்து அமிலத்தை விடும் என்பது அவர் கணிப்பு. கணிப்புப் பலித்தது, நாட்கணக்கில் மேல்மூச்சு வாங்கினார். வீண் விளையாட்டன்று இது. இசிவு கண்டு துடிக்கும் குழந்தைகள் சிலருக்குக் குருதியின் காரத் தன்மையைக் குறைத்தால் நோய் தணியும் என்பதைக் கண்டு, ஜெர்மனிய வைத்தியர்கள் அதே உப்பைப் பயன்படுத்தினர்.

1923இல் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியற் பகுதியிற் சேர்ந்தார். அங்கே நொதியங்களைப் பற்றி ஆழ்ந்து பயின்றார். நொதியம் என்பது உடலின் சமையற்காரன் போன்றது. உணவையும் மருந்தையும் நஞ்சையும் வெட்டிப் பிளந்து மாற்றுவது அதுவே. 1925இல் பிரிக்ஸ் என்பவரோடு சேர்ந்து நொதிய வேகத்துக்கு அவர் அமைத்த கணக்கு முறை இன்றும் மாணவர் கற்பது. மறுபுறத்தில் அவர் பரம்பரையியலிலும் ஈடுபட்டிருந்தார். ஆர்ச்சிபால்ட் கரொட் என்னும் வைத்தியர் 1902இலேயே, சிறுநீர் கறுத்துப்போகும் அரிய குறைபாடொன்று பெற்றோர் வழி வருவது என்றும், மனிதர் தோற்றத்தில் வேறுபடுதல் போலவே உள்ளுறை வேதியியலிலும் வேறுபடுகின்றனர் என்றும் எழுதியிருந்தார். பரம்பரையியலார் அதனைப் பொருட்படுத்தவில்லை. அதன் அருமையை உணர்ந்து ஓயாது எடுத்துரைத்த சிலருள் ஹால்டேன் முதன்மையானவர். பரம்பரையலகு நொதியத்தை ஆளும், நொதியம் உடலை ஆளும் என்ற தொடர்பை அவர் தெளிவாகக் கண்டார். உடலிற் புகும் மருந்தின் கதியும் இச்சங்கிலியிலேதான் தொங்குகிறது.

1933இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிக்குச் சென்றார். 1937இல் ஜூலியா பெல் என்ற அம்மையாருடன் சேர்ந்து, குருதி உறையா நோயும் நிறக்குருடும் ஒரே குடும்பத்தில் இணைந்து செல்வதை ஆராய்ந்தார். அவ்விரண்டுக்கும் உரிய பரம்பரையலகுகள் ஒரே நிறமூர்த்தத்தில், தாயிடமிருந்தே மகனுக்கு வரும் எக்ஸ் நிறமூர்த்தத்தில், அருகருகே உள்ளன என நிறுவினார். மனிதரிடத்தில் இவ்வகை அண்மையை முதன்முதல் அளந்து காட்டிய ஆராய்ச்சி அது. அந்த இடத்திலேயே மற்றோர் அயலானும் குடியிருந்தான் என்பது அன்று எவருக்கும் தெரியாது.

மறுவருடம் வந்த ஒரு நூலில் அவர் மட்பாண்டத் தொழிலாளரைப் பற்றி எழுதினார். புழுதியால் அவர்களிற் பலர் மார்புநோய்ப்பட்டு இறந்தனர். ஆயினும் எல்லோரும் இறக்கவில்லை. எளிதிற் பாதிக்கப்படும் உடற்கூறு உடையோர் ஒரு பகுதியினரே ஆகலாம் என்றும், அவர்களை முன்னரே அறிந்து அத்தொழிலிற் சேராது தடுத்தால் நோயை ஒழிக்கலாம் என்றும் கருதினார். உழைப்பாளர் கட்சிக்காகப் பேசிய ஒருவர் இவ்வாறு எழுதியதை இன்று படிப்போர் திடுக்கிடக்கூடும். புழுதியை வெளியேற்றுவதா, மனிதனை வெளியேற்றுவதா? பரம்பரையலகுச் சோதனை வந்துவிட்ட இந்நாளில், காப்புறுதி நிறுவனங்களும் தொழில் கொடுப்போரும் எதனைக் கேட்பர் என்பது ஊகிக்க அரிதன்று. ஹால்டேன் கண்ட உண்மை பெரிது. அவர் காட்டிய வழி ஐயத்துக்கு உரியது. மனிதனுக்கேற்ப வேலையையும் மருந்தையும் மாற்றுவதே தக்கது என்பது நம் கருத்து.

இனிக் கடலுக்கு வருவோம். 1939 ஜூன் 1ஆந் தேதி தீற்றிஸ் என்ற பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்தில் லிவர்பூல் குடாவில் மூழ்கிற்று. நால்வர் தப்பினர், 99 பேர் மாண்டனர். மாண்டோருட் பலர் கப்பல் கட்டும் தொழிலாளர் ஆதலின், அவர்களுடைய தொழிற்சங்கங்கள் ஹால்டேனின் உதவியை நாடின. அவர் ஸ்பெயின் போரிற் பங்குபற்றிய நண்பர் நால்வரோடு இரும்புக் கூடொன்றில் அடைபட்டுக் கிடந்து, காபனீரொட்சைட்டு நிறைந்த காற்றில் மனிதன் எவ்வளவு நேரம் அறிவு தெளிந்திருப்பான் என அளந்தார். அதன்பின் கடற்படைக்காகப் பல ஆண்டுகள் இவ்வாராய்ச்சி தொடர்ந்தது. மிகு அழுத்தத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசித்தால் வலிப்பு வரும். ஹால்டேனுக்கும் வந்தது, முதுகெலும்பு அடிபட்டு, அந்நோவு வாழ்நாள் முழுதும் நீங்கவில்லை. பின்னர் அவர் மனைவியான ஹெலன் ஸ்பர்வேயும் இச்சோதனைகளில் வலிப்புக் கண்டவரே.

இவ்வகை ஆராய்ச்சியின் பயனைத் துய்த்தவர், நீர்க்கீழ்ச் செல்லும் சிறு வாகனத்தின்மேல் இருவராய் அமர்ந்து ஒட்சிசன் சுவாசித்துப் பகைக் கப்பலடியில் வெடி பொருத்தும் வீரர். 1944 ஒக்டோபரில் டிரெஞ்சன்ட் என்ற நீர்மூழ்கி அத்தகைய இரு வாகனங்களைச் சுமந்து திருகோணமலையிலிருந்து புறப்பட்டது. சயாம் நாட்டுப் புக்கெற் துறையில் கிடந்த இரண்டு கப்பல்களை அவ்வீரர்கள் தாக்கி மீண்டனர். அவர்களுக்குரிய ஆழ எல்லையைக் குறித்த கடற்படை வைத்தியர்கள் ஒன்றைக் கண்டு திகைத்தனர். ஒரே ஆழத்தில் ஒருவன் ஒரு மணி நேரம் தாங்குவான், மற்றொருவன் சில நிமிடத்தில் வலிப்புறுவான். இன்று தாங்கியவனே நாளை தாங்கான். உயிர் காக்கும் ஒட்சிசனும் ஒரு மருந்தே. ஆளுக்கு ஆள் மட்டுமன்றி நாளுக்கு நாளும் அதன் பொருத்தம் வேறுபட்டது. ஆதலால் பிறப்பு வழி வந்த கூறு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளல் வேண்டும்.

போருக்குப் பின் ஹால்டேனின் கருத்து மேலும் விரிந்தது. மத்தியதரைக் கடல் நாடுகளிற் குருதிச் சோகையை உண்டாக்கும் தலசீமியா மிகுந்திருந்தது. கொல்லும் தன்மையுள்ள ஒரு பரம்பரையலகு அழியாது நிலைப்பது எப்படி? அதனை ஒருபாதி பெற்றவர், மலேரியாவை மற்றவரினும் நன்கு எதிர்த்திருக்கலாம் என்று 1948இல் ஸ்டொக்ஹோமில் நடந்த மகாநாட்டில் அவர் ஊகித்தார். அடுத்த ஆண்டு நோயும் பரிணாமமும் பற்றி எழுதிய கட்டுரையில், மனிதரிடையே காணும் வேதியியல் வேறுபாடுகளைத் தொற்றுநோய்களே பேணி வளர்த்திருக்கலாம் என்றார். மருந்துக்கும் பரம்பரைக்கும் உள்ள உறவின் வரலாற்றை எழுதுவோர் இக்கட்டுரையை அத்துறையின் முன்னோடியாக எண்ணுவர். ஊகம் வீண்போகவில்லை. 1954இல் அலிசன் என்பவர் ஆபிரிக்காவில் அரிவாட்கலக் குருதியினர்க்கு மலேரியாவிலிருந்து காப்பு உண்டென்று காட்டினார்.

இதற்கிடையில் அமெரிக்காவில் மற்றொரு கதை நடந்தது. கல்லீரலில் ஒளிந்திருந்து மீண்டும் மீண்டும் வரும் மலேரியாவை வேரோடு அழிக்கப் பிரைமாகுயின் என்ற மருந்து கிடைத்திருந்தது. ஆனால் அதை உண்டோரில் சிலர்க்குச் செங்குழியங்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து, சோகை கண்டது. இல்லினோய் மாநிலத்து ஸ்டேற்வில் சிறையில் ஆல்விங் குழுவினர் காரணம் தேடினர். பாதிக்கப்பட்டவரின் செங்குழியங்களைக் கதிர்வீசும் குரோமியத்தால் அடையாளமிட்டு நல்லவர் உடலிற் செலுத்தி மருந்து கொடுத்தனர்; அவை உடைந்தன. மாற்றிச் செய்தபோது உடையவில்லை. குறை குழியத்திலேயே உள்ளது என்பது தெளிவாயிற்று. 1956இல் குறையின் பெயரும் தெரிந்தது: குளுக்கோசு-6-பொசுபேற்று டீஐதரோசனேசு என்னும் நொதியம் போதாமை. வைத்தியர் ஜீ6பீடீ எனச் சுருக்குவர். அந்நொதியமே செங்குழியத்தைத் துருப்பிடியாது காப்பது.

இவ்வறிவு பெரிது, ஆயினும் அது பெறப்பட்ட இடம் நெஞ்சை உறுத்துகிறது. ஹால்டேன் நஞ்சைத் தாம் குடித்தார், அல்லது அறிந்து இசைந்த நண்பரோடு பகிர்ந்தார். ஸ்டேற்வில்லில் உடல் கொடுத்தவர் கைதிகள். அவர்கள் இசைவு எழுதிக் கொடுத்தனர் என்பது உண்மையே. சிறைக் கதவுக்குள் எழுதப்படும் இசைவு எவ்வளவு சுதந்திரமானது என்று உலகம் பின்னர் கேட்டது.

முன்னே கூறிய அயலான் யார் எனில், அவன் இந்த ஜீ6பீடீயே. 1961இல் இஸ்ரேலில் அதனை நிறக்குருட்டோடு இணைந்து வருவதாகக் கண்டனர். ஹால்டேனும் பெல்லும் அளந்த அதே எக்ஸ் நிறமூர்த்த நுனியில் மூன்று பரம்பரையலகுகளும் வீற்றிருக்கின்றன. இந்நொதியக் குறையும் மலேரியா மிகுந்த நாடுகளிலேயே மலிந்திருப்பதையும் ஆராய்ச்சியாளர் கண்டனர். முன்னோரைக் காய்ச்சலிலிருந்து காத்த பரம்பரைக் கூறே, பேரனுக்குக் காய்ச்சல் மருந்தை நஞ்சாக்குகிறது! 1957இல் மொட்டுல்ஸ்கி இத்தகைய செய்திகளைத் தொகுத்து எழுதினார். 1959இல் போகெல் இத்துறைக்குப் பெயரிட்டார்.

அப்பெயர் பிறந்தபோது ஹால்டேன் கல்கத்தாவில் இருந்தார். சூயஸ் படையெடுப்பை வெறுத்து 1957இல் இங்கிலாந்தை விட்டு வந்து, இந்தியப் புள்ளியியற் கழகத்திற் சேர்ந்திருந்தார். வேட்டியும் ஜிப்பாவும் அணிந்தார். புலால் உண்பதை விட்டார். விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்கிய இளைஞர்க்கு, கண்ணும் கையும் போதும், எண்ணுக என்று வழி காட்டினார். மாணவர் ஒருவர் பவளமல்லிப் பூவின் இதழ்களை எண்ணினார். டேவிஸ் என்பவர் தென்னைகளில் ஓலைச் சுருள் இடம் புரிந்தவை எத்தனை, வலம் புரிந்தவை எத்தனை என்று கணக்கிட்டார். வேறுபாடு எங்கும் உண்டு, அதனை அளத்தலே அறிவின் தொடக்கம் என்பது அவர் கொள்கை.

தென்னாட்டு உறவுமணம் அவர் உள்ளத்தை ஈர்த்தது. அவர் மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திரத்தில் இதுபற்றி ஆராய்ந்தார். மாமன் மகளும் அத்தை மகளும் உரிமைப்பெண் என்பது நம் இலங்கைத் தமிழரிடையேயும் வழங்குவதே. உறவினுள் மணம் தொடருமிடத்து, மறைந்து கிடக்கும் அரிய பரம்பரையலகு இரட்டையாய்ச் சேர்ந்து வெளிப்படும் வாய்ப்புக் கூடும். இதன் பொருள் மருந்து விஷயத்தில் மெய்யானது. அறுவை வைத்தியத்தின்போது தசையைத் தளர்த்தச் சக்சமெத்தோனியம் என்ற மருந்தைச் செலுத்துவர். சில நிமிடங்களில் குருதியிலுள்ள நொதியமொன்று அதனைச் சிதைத்துவிடும். அந்நொதியம் குறைந்தோர்க்கு மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. ஆரிய வைசிய சமூகத்தாரிடையே இக்குறை மிகுந்திருப்பதற்குரிய பரம்பரையலகு மாற்றத்தைக் கோயம்புத்தூர்ப் பாரதியார் பல்கலைக்கழகத்தார் வெளிநாட்டு அறிஞரோடு சேர்ந்து 2006இல் வெளியிட்டனர். இதில் எச்சமூகத்துக்கும் இழுக்கில்லை. மயக்கமருந்து கொடுப்பவர் முன்கூட்டி அறிந்தால், வேறு மருந்து கொடுப்பார்; அவ்வளவே.

ஹால்டேனிடம் குறையில்லை என்று கூற வரவில்லை. கோபக்காரர். பொதுவுடைமைப் பற்றினால், சோவியத் நாட்டில் லைசென்கோ பரம்பரையியலை நசுக்கியபோது, கண்டிக்க வேண்டிய அளவு கண்டிக்காது சில ஆண்டுகள் தயங்கி நின்றார். பிறர்க்குத் தம்முடலையே அளித்த ஒருவர், சிறையிற் செத்த வவிலோவுக்காக உரத்த குரல் எழுப்பாதது அவர் வாழ்வில் ஆறாத வடு. கல்கத்தாவிலும் சண்டை வந்தது. 1961இல் கழகத்தை விட்டு விலகினார். 1962இல் ஒரிசா அரசின் ஆதரவோடு புவனேசுவரத்தில் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தார்.

அவர் நட்ட வித்து இன்று எவ்வாறு பயன் தருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையில் 1963இல் மலேரியா நோயாளர் 17 பேரே என்று கணக்கிட்டு மகிழ்ந்தனர். விழிப்புக் குன்றவே 1969இல் ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. நெடும் போராட்டத்தின் பின் 2016இல் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. எனினும் வெளிநாடுகளிலிருந்து காய்ச்சலைச் சுமந்து வருவோர் உளர். துறைமுக ஊர்கள் அதனை மறத்தல் இயலாது. அவர்க்குப் பிரைமாகுயின் கொடுக்குமுன் ஜீ6பீடீயைச் சோதித்தல் நலம் என்பது அந்நிறுவனத்தின் அறிவுரை. குறையுள்ளவர்க்கு மருந்தை மறுப்பதில்லை. பதினான்கு நாள் தொடர்ந்து கொடுப்பதற்கு மாறாக, வாரம் ஒரு முறை எட்டு வாரம் வைத்தியர் கண்காணிப்பிற் கொடுப்பர். 2018இல் வந்த தபெனோகுயின் ஒரே வேளையில் உண்ணத்தக்கது. ஆனால் நெடுநாள் உடலில் தங்குவது. ஆகவே அதற்குச் சோதனை இன்னும் கண்டிப்பாக வேண்டும். பெண்களிடத்து இச்சோதனையில் கவனம் மிகுதியும் தேவை. இரு எக்ஸ் நிறமூர்த்தம் உள்ளமையால், பாதிக் குழியம் நலமாகவும் பாதி குறையாகவும் இருக்க, எளிய சோதனை ஏமாற்றிவிடும்.

வேறு மருந்துகளும் இவ்வழியில் வந்துள்ளன. வலிப்புக்குரிய காபமசெப்பின், குறிப்பிட்ட பரம்பரையலகு உடையோர்க்குத் தோலை உரித்து உயிருக்கே உலை வைப்பது. சிங்கப்பூரில் 2013 முதல் ஆசிய இனத்தவர்க்கு அதனைப் புதிதாகத் தொடங்குமுன் பரம்பரையலகுச் சோதனை செய்யப்படுகிறது. இருதய நோயாளர் உண்ணும் குளோப்பிடோகிரல் சிலர் உடலில் வேலை செய்வதே இல்லை. அதற்குக் காரணமான மாற்றம் தென்னாசியரிடையே பரவலாக உண்டு. அரைத் துளிக் குருதியால் அறியத்தக்க இவற்றை, நோயாளி பட்டுத் தெரிந்துகொள்ளும்படி விடலாமா? வறிய வைத்தியசாலைகளுக்குச் செலவு தடையாய் நிற்கிறது என்பது மெய். ஆயின் ஜீ6பீடீச் சோதனை போன்றவை அத்துணை விலையுயர்ந்தவையும் அல்ல.

1963இல் ஹால்டேனுக்குக் குடலிற் புற்றுநோய் கண்டது. இலண்டனில் அறுவை வைத்தியம் நடந்தது. மருத்துவமனைக் கட்டிலிற் கிடந்தபடியே, நோயைப் பகிடி செய்து பாட்டொன்று புனைந்து வெளியிட்டார். அறிகுறி கண்டவர் நாணாது வைத்தியரிடம் விரைக என்பது அதன் நோக்கம். 1964 டிசெம்பர் 1ஆந் தேதி புவனேசுவரத்தில் உயிர் நீத்தார். அவர் வாழ்ந்த ஒரிசாவின் பெயரையே, 1995இல் இந்தியப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்ட ஜீ6பீடீ வகையொன்றுக்கு ஆராய்ச்சியாளர் இட்டனர். அவர் அதனை அறிய வாழ்ந்திருக்கவில்லை. உடலை எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம், மாணவர்க்குக் கொடுத்துவிடுங்கள் என்று முன்னரே எழுதிவைத்திருந்தார். அவ்வாறே அது காக்கிநாடாவிலுள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு செல்லப்பட்டது.